ஜெபத்துக்கும் அனுமதியாம்

அன்புள்ள மச்சான்,

மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று ஏசுவாய். ஏசிவிட்டு மீதியை வாசி. வீட்டில் எல்லாரும் சுகம். உன் தம்பியின் தோணி இன்னும் வாவிக்கரையில்தான் கவிழ்ந்து கிடக்கிறது, கேட்டால் உன்னைப்போலவே "நாளைக்கு" என்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய் இரவு பெரியம்மா வீட்டு விறாந்தையில் வழக்கம்போல ஜெபம். பதினெட்டுப் பேர், மூன்று பாய், அவ்வளவுதான். பாட்டு முடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, இந்த இடம் பதிவா, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை, ஒரு கொப்பியை எடுத்து எல்லாருடைய பேரையும் எழுதினார்கள். பெரியம்மாவின் பேத்தி, ஏழு வயது, தன் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். எனக்கு நெஞ்சடைத்துவிட்டது மச்சான்.

அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பது 2008இல் மத விவகார அமைச்சு விட்ட சுற்றுநிருபம். புதிதாக வணக்கஸ்தலம் கட்ட முன்அனுமதி வேண்டுமாம். அது பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இல்லை. பெரியம்மா எதைக் கட்டினா? பாயைத்தானே விரித்தா! இலங்கை அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதலிடம் கொடுக்கும் 9ஆம் உறுப்புரையே, 10ஆம் 14ஆம் உறுப்புரைகளிலுள்ள மத உரிமைகள் எல்லா மதத்தாருக்கும் உண்டு என்று சேர்த்துத்தான் சொல்கிறது.

அன்றிரவு நித்திரை இல்லை. கிடந்து யோசித்தபோது ஓட்டமாவடிதான் நினைவில் வந்தது. கொவிட்டில் செத்தவர்களை எரித்தே தீருவோம் என்று 2020இல் அரசு நின்றதே, அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்காமல், பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையைக்கூட எரித்தார்களே. 2021இல்தான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி வெடிக்கவைத்த குண்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாங்கள், அந்த வலியில் வாயே திறக்கவில்லை. நானும்தான். குண்டு வைத்தவன் செய்ததற்கு அந்தக் குழந்தை என்ன செய்தது? வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்காமல் விட்டேனே என்பதுதான் இப்போது பெரிய பாரமாக இருக்கிறது.

வியாழக்கிழமை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொண்டுபோகிறோம். எழுதித் தந்தது யார் தெரியுமா, நீ சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிடுவாயே, அந்தக் காத்தான்குடி முஸ்லிம் பொடியன், இப்போது சட்டத்தரணி. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அவனுடைய மாமாவை அடக்கியதும் ஓட்டமாவடியில்தான். அதைப்பற்றி இதுவரை அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வியாழக்கிழமை பஸ்ஸில் பக்கத்தில்தானே இருப்பான், கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்