ஒலிநாடா அழிந்தது, எழுத்தாவது மிஞ்சட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நெடுங்காலம் வானொலியில் விளையாட்டு நிகழ்ச்சி நடத்தியும் பத்திரிகைகளில் விளையாட்டுப் பத்தி எழுதியும் வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், இவ்வாண்டோடு ஒலிவாங்கியை விட்டு ஒதுங்கியிருக்கிறார். பாராட்டு விழாவை மறுத்துவிட்டவர், தமது பெயரையும் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் பெயரின்றியே எழுதுகிறேன்.

1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹேர் மீண்டும் மீண்டும் ‘நோ-போல்’ வழங்கியபோது, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவரின் பேரனுக்கு நேர்ந்த அவமானத்தைத் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்ததாகவே எண்ணி லயங்களில் கொதித்தார்கள். அந்த வார நிகழ்ச்சியில் இவர் நடுவரைத் திட்டவில்லை. ஆளுக்கொரு தேசிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கையோடு, மணிக்கட்டை மிகுதியாகச் சுழற்றி வீசும் ஒருவரின் பந்து பார்ப்பவர் கண்ணுக்கு எறிவதுபோல் ஏன் தெரிகிறது என்பதை, நாங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வரை விளக்கினார். (ஊறுகாய்க்கு வைத்திருந்த காய்களில் பாதி பீலிக்கரைக்கு உருண்டோடியதற்கு என் மனைவி இன்றும் அவரைத்தான் குறை சொல்கிறார்.)

1996 மார்ச் 6ஆம் திகதி கண்டி அஸ்கிரியவில், உலகக் கிண்ணப் போட்டியில் கென்யாவுக்கு எதிராக இலங்கை 5 விக்கெட் இழப்புக்கு 398 ஓட்டங்கள் குவித்து உலக சாதனை படைத்தது. அதைச் சொன்ன அதே நிகழ்ச்சியில், அதே குரலில், எங்கள் பகுதித் தோட்டமொன்றில் நடந்த மென்பந்து இறுதிப் போட்டியின் முடிவையும் வாசித்தார். வென்ற அணியின் பதினொருவர் பெயரையும் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சொன்னார். பத்தியிலும் அப்படித்தான். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டும், பனிமூட்டம் விலகும் வரை மைதானத்தோரம் குடை பிடித்து நின்றும், பாடசாலைக் கொப்பியில் பந்துக்குப் பந்து குறித்துக்கொண்டு வந்து எழுதுவார். தோற்ற அணியின் பந்துவீச்சாளருக்கும் ஒரு வரி இருக்கும்.

குறையும் உண்டு. கிரிக்கெட்டுக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசியைக்கூட அவர் கரப்பந்தாட்டத்துக்குக் கொடுத்ததில்லை. தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்டம் அவர் கண்ணில் பட்டது கடைசிச் சில ஆண்டுகளில்தான். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்.

அவர் பணியாற்றிய நிலையத்தில் பழைய ஒலிநாடாக்களின் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டார்களாம். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கொடுத்த சன்மானம் பஸ் கட்டணத்துக்கே போதவில்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்பவர், இந்த நாடாக்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறார். எஞ்சியிருப்பது எழுத்து ஒன்றுதான். தோட்டத்து ஆட்டக்காரர் பலருக்கு அந்தப் பத்தியைத் தவிர வேறெங்கும் பதிவில்லை என்பதால், அவற்றில் சிலவற்றையேனும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாரமொன்றாக மறுபிரசுரம் செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் வெட்டிச் சேர்த்த பத்திகள் இரண்டு பிஸ்கட் தகரங்களில் இருக்கின்றன. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தாலும் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. தங்கள் பிரதேச நிருபர் வந்தால் கொடுத்தனுப்புவேன். நகலெடுத்த பின் தகரங்களைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.