மூன்றாவது பத்தியில் வரும் மாணவி

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ போனை எடுத்து 16 நாள் ஆகிறது. கட்டுரை வேலை இருக்கும், சரி. அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். தம்பிதான் நம்ப மாட்டேன் என்கிறான்.

நீ அனுப்பிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். 'கல்லூரியில் வருகைப்பதிவு கட்டாயமாக இருக்கக் கூடாது.' நிலைப்பாடு என்றால் இப்படித்தான், எதிர்த்துப் பேச நாலு பேராவது இருக்க வேண்டும். ஆனால் அந்த வரி இரண்டாம் பக்கத்தில் கிடக்கிறது. அதற்கு முன்னால் 'இதைப் பற்றிப் பல கருத்துகள் நிலவுகின்றன', 'தொன்றுதொட்டே கல்வி' என்று ஒரு பக்கம் சுற்றி வருகிறாய். வீட்டிலும் நீ அப்படித்தான். கேட்க வந்ததைக் கேட்க அரை மணி நேரம் ஆகும். அந்த வரியைத் தூக்கி முதல் பத்தியில் வை.

ஆங்கிலக் கட்டுரையைப் பற்றித் தமிழ் வாத்தியாருக்கு என்ன தெரியும் என்று சிரிக்காதே. நன்னூலில் ஏழு மதம், அதாவது நூல் எழுதுகிறவன் கொள்ளும் ஏழு நிலைப்பாடு, என்று சின்ன வயதில் ஒப்பித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உடன்படல், மறுத்தல், மூன்றாவதாகப் 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு'. அடுத்தவன் சொல்வதை முதலில் ஏற்றுக்கொள், அப்புறம் களை. நீ ஏற்காமலே களைகிறாய். 'மாணவர்கள் மேல் நம்பிக்கை இல்லாதவர்களே வருகைப்பதிவை ஆதரிக்கிறார்கள்' என்று ஒரே வரியில் எதிர்த்தரப்பை முடித்துவிட்டாய். ஒரு நோஞ்சானை நீயே நிறுத்தி நீயே தள்ளிவிட்டால் யார் கைதட்டுவார்கள்?

பலசாலியாகப் பார்த்து நிறுத்து. நான் 31 வருஷம் பெயர் கூப்பிட்டவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூப்பிட்டுப் பதில் வராத பிள்ளையைத்தான் ஆசிரியர் தேடுவார். உடம்பு சரியில்லையா, மனசு சரியில்லையா என்று விசாரிக்கச் சில சமயம் அந்தப் பதிவேடு ஒன்றுதான் வழி. இதற்கு உன் பதில் என்ன? பதில் இருந்தால் எழுது. பாதி சரி என்று பட்டால் அந்தப் பாதியை ஒப்புக்கொள். அதனால் கட்டுரைக்கு ஒன்றும் குறைந்துவிடாது, எழுதியவளை இன்னும் கொஞ்சம் நம்புவார்கள்.

வாதம் எப்படி அமைகிறது என்று எழுதிய தத்துவ அறிஞர் என்று நீ சொன்ன டூல்மினையும் தேடிப் படித்தேன். 1958இல் வந்த புத்தகம். கூற்று ஒன்று, அதற்கு ஆதாரம் ஒன்று, ஆதாரத்திலிருந்து கூற்றுக்குப் போக நடுவில் ஒரு பாலம். பாலத்தைத்தான் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். 'மாணவர்கள் வயது வந்தவர்கள், ஆகவே வருகைப்பதிவு வேண்டாம்' என்கிறாய். வயது வந்தவர்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது நடுவில் ஒளிந்திருக்கிறது. அதை ஒரு வரியாக எழுதிப் பார், உனக்கே இடிக்கும். வேலைக்குப் போகிறவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

உன் மூன்றாவது பத்தி. ஒரு மாணவி மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. காலை 8.10க்கு அலாரம் அடிக்கிறது, அணைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அறையிலிருந்தே படித்துக்கொள்கிறாள், யாருக்கும் நஷ்டமில்லை என்று முடிக்கிறாய். கட்டுரையிலேயே நன்றாக வந்திருக்கும் இடம் இதுதான். மற்ற இடமெல்லாம் நூலகத்து வாசனை, இங்கே மட்டும் ஒரு ஆள் மூச்சு விடுகிறாள். இப்படி எனக்கு எழுத வராது.

இந்த மாணவி யார் என்று உன் ஆசிரியர் கேட்பார். ஒருத்தியின் அனுபவத்தை எல்லோருக்கும் பொதுவாக்க முடியாது என்பார். ஆய்வு ஏதாவது சேர்த்து, எழுதியவர் பெயரையும் பக்க எண்ணையும் அடைப்புக்குறிக்குள் போடச் சொல்வார். அவர் கேட்பார். நான் கேட்கவில்லை. அவளுக்கு நஷ்டமில்லை என்பதற்கு மட்டும் நீ ஆதாரம் காட்டவில்லை. எதிர்த்தரப்பை முதலில் ஏற்றுக்கொள் என்று சொன்னேன் அல்லவா, அதை இந்தப் பத்தியில்தான் முக்கியமாகச் செய்ய வேண்டும்.

பள்ளி முடித்த வருஷம் நீ 4 பக்கம் எழுதி என் மேசையில் வைத்தாய். நான் சொன்ன படிப்பு ஏன் வேண்டாம், நீ கேட்ட படிப்பு ஏன் வேண்டும் என்று. நான் என்ன மறுப்பேன் என்பதையும் நீயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாய். அந்த வயதில் களைவு உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் சிவப்புப் பேனாவை எடுத்து ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, 'முதலில் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொள்' என்று திருப்பிக் கொடுத்தேன். 11 பிழை. எண்ணிக்கைகூட ஞாபகம் இருக்கிறது. உன் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு இது தெரியாது. அதற்கப்புறம் நீ எனக்கு நேராக எதையும் எழுதியதில்லை, இந்தக் கட்டுரைதான் வந்திருக்கிறது.

இதன் ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். சிவப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும் என்றுதானே சொன்னாய்? அதற்குள் ஒரு தடவை கூப்பிடு. கட்டுரையைப் பற்றி மட்டும் பேசினாலும் போதும். காலை 8.10க்கு நான் போன் பக்கத்தில்தான் இருப்பேன்.

அப்பா