பாப்பாவுக்கு ஒரு கடிதம்: பனிக்கு அடியில் இருக்கும் ஏரிகள்

அன்புள்ள பாப்பா,

கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது பூமியை அளந்து அந்தத் தரவைக் கணினியில் ஆராயும் படிப்பில், சீட் கிடைத்த அன்று நீ சந்தோஷமாகத்தான் இருந்தாய். அப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக, "அது என்ன படிப்பு, மேப் வரையறதா?" என்று கேட்கக் கேட்க உன் முகம் வாடிப்போனது. அத்தனை பேர் நடுவில் பேச வேண்டாம் என்று அன்று சும்மா இருந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நீ சேரப்போகும் கல்லூரியே 1794இல் சர்வே பள்ளிக்கூடமாகத்தான் தொடங்கியது. 1802இல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய சர்வேயர் இந்தியாவை அளக்க ஆரம்பித்தது நம் பரங்கிமலைப் பக்கத்தில்தான். அதை விடு. நான் சொல்ல வந்தது வேறு.

மாமா லெவல் எடுப்பதை, அதாவது தரையின் ஏற்ற இறக்கத்தை அளப்பதை, நீ பார்த்ததில்லை. போன மாதம் வேளச்சேரியில் மழைநீர் வடிகாலுக்காக எடுத்தோம். முக்காலியில் ஆட்டோ லெவல் என்ற தொலைநோக்கிக் கருவியை வைத்து, குமிழி வட்டத்துக்குள் வந்து நிற்கும்வரை திருகை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். தள்ளி ஒரு பையன் ஸ்டாஃபை, அதாவது அளவு குறித்த கோலை, நேராகப் பிடித்திருப்பான். ரீடிங் எழுதிக்கொண்டே தெருத் தெருவாகப் போய், கடைசியில் புறப்பட்ட பெஞ்ச்மார்க்குக்கே, அதாவது உயரம் முன்பே தெரிந்த குறிக்கே, வந்து முடிக்க வேண்டும். அங்கே சில மில்லிமீட்டருக்கு மேல் பிசகினால் அன்றைய வேலை அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து. அளந்த இடத்துக்கே திரும்பி வருவதுதான் எங்கள் தொழில்.

அண்டார்டிகாவில் ஏரிகளைக் கண்டுபிடித்ததும் இப்படித்தான்.

2003 ஜனவரியில் நாசா ஐஸ்சாட் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. அது லேசர் ஒளியைக் கீழே அனுப்பி, பனியில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிடும். லேசர் சீக்கிரம் பழுதாகிவிடும் என்பதால் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் போலத்தான் ஓட்டினார்கள். ஆனால் போன தடத்திலேயே திரும்பத் திரும்பப் போனது. 2006இல் ஹெலன் ஃப்ரிக்கர் என்ற விஞ்ஞானி அந்த ரீடிங்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கடலில் மிதக்கும் ராஸ் பனித்தட்டை ஒட்டி ஓரிடத்தில், மூன்று வருடத்துக்குள், பனியின் மேற்பரப்பு 9 மீட்டர் இறங்கியிருந்தது. மூன்று மாடி உயரம்! சுற்றுவட்டாரம் அப்படியே இருக்க, அந்த ஒரு இடம் மட்டும். பனிப்பொழிவு குறைந்திருந்தால் எல்லா இடமும் சேர்ந்தல்லவா இறங்கியிருக்கும்? அடியில் இருந்த ஏரி வடிந்துவிட்டது, மேலே கிடந்த பனி அமுங்கிவிட்டது. வேறு சில இடங்களில் பனி மேடேறியிருந்தது. அங்கே ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. 2009க்குள் இப்படி 124 ஏரிகள் கணக்கில் வந்தன. ஐரோப்பாவின் கிரையோசாட் செயற்கைக்கோள் பத்து வருடம் ரேடாரால் அளந்ததை வைத்து 2025இல் இன்னும் 85 சேர்த்தார்கள்.

தண்ணீரை யாரும் பார்க்கவில்லை, பாப்பா. உயரத்தை மட்டும்தான் பார்த்தார்கள்.

வடியாத ஏரிகளும் உண்டு. வாஸ்டாக் ஏரிக்கு மேல் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் பனி. அங்கே தண்ணீர் இருப்பதை 1970களில் விமான ரேடார் காட்டியது. ஆனால் அது எவ்வளவு பெரிய ஏரி என்பது 90களில் ஈஆர்எஸ்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் எடுத்த உயரங்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பனிப்பரப்பில் ஓரிடம் மட்டும் தோசைக்கல் போலத் தட்டையாக, 250 கிலோமீட்டர் நீளத்துக்கு. சென்னையில் கிளம்பினால் கிட்டத்தட்ட மயிலாடுதுறை வந்துவிடும். அத்தனை குளிரிலும் தண்ணீர் உறையாததற்குக் காரணம், பூமியின் சூடு கீழிருந்து வருகிறது, மேலே உள்ள பனி கம்பளி மாதிரி அதை வெளியே விடாமல் காக்கிறது, அந்தப் பனியின் பாரத்தில் உறைநிலையும் இறங்கிவிடுகிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு விஷயம். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும் என்று நம்பி 25 வருடம் லெவல் எடுத்தவன் நான். பனிக்கு அடியில் அது மேட்டிலும் ஏறும். மேலே பனி எங்கே அதிகமாக அழுத்துகிறதோ, அங்கிருந்து தண்ணீர் பிதுங்கி, அழுத்தம் குறைந்த பக்கம் போகிறது. அது எந்தப் பக்கம் போகும் என்பதில் தரையின் சரிவைவிடப் பனியின் மேற்பரப்புச் சரிவுக்கு ஏறத்தாழ பத்து மடங்கு பலம். அதனால் மேலே சில மீட்டர் ஏற்ற இறக்கத்தைச் சரியாக அளந்துவிட்டால், கீழே தண்ணீர் போகும் பாதையையே ஓரளவு வரைந்துவிடலாம். இதைப் படித்த அன்று எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஏரி வடிந்து பனியின் அடியில் தண்ணீர் பரவினால் பனியாறு வழுக்கிக்கொண்டு வேகமாகக் கடலுக்குப் போகும், கடல்மட்டம் உயரும். அண்டார்டிகாவின் பேர்ட் பனியாறு அப்படித்தான் 2005லிருந்து 2007 வரை சுமார் 10 சதவீதம் வேகம் கூடி ஓடியது. நம் வீட்டிலிருந்து கடற்கரை எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும்.

இப்போது 2018இல் போன ஐஸ்சாட்-2 நொடிக்கு 10,000 பச்சை லேசர் துடிப்புகளை அனுப்பி, 91 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்கு வந்து அளக்கிறது. அந்தத் தரவு யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கக் கிடைக்கிறது. உன் லேப்டாப் போதும்.

சின்ன வயதில் ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "மாமா, நம்ம தெருவுக்கு லேக் வியூ ரோடுன்னு பேர் வெச்சிருக்காங்களே, லேக் எங்கே?" மாம்பலம் ஏரியை 1920களில் வற்றவைத்துத்தான் தி.நகர் கட்டினார்கள். அந்த ஏரிப் பள்ளம் இன்னமும் தரையில் தெரிகிறதா என்று நாம் இரண்டு பேரும் லெவல் எடுத்துப் பார்க்கலாம். வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு, வண்டிகள் வருவதற்கு முன் முடித்துவிட வேண்டும். தொப்பி எடுத்துக்கொள். ஸ்டாஃப் பிடிப்பது நீ.

அன்புடன்,
மாமா