வாத்தின் மேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒட்டுண்ணிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், எக்கினோஸ்டோமா என்ற தட்டைப்புழு வாத்தைத் தொட்டாலே மனிதருக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் ஒரு வரி வந்திருந்தது. அது சரியல்ல.

1809இல் விலங்கியலாளர் ருடோல்ஃபி இந்தப் பேரினத்துக்கு வைத்த பெயருக்கு ‘முள் வாய்’ என்று பொருள். வாயைச் சுற்றி முட்கள் கொண்ட ஒரு பட்டை இருக்கிறது. சில இனங்களில் முட்கள் சரியாக 37. புழுவை இனம் காண முள்ளைத்தான் எண்ணுகிறார்கள், பொறுமைசாலிகள்!

பறவை அல்லது பாலூட்டியின் குடலில் வளர்ந்த புழு இடும் முட்டை, எச்சத்தோடு நீரில் விழுகிறது. பொரித்து வரும் இளம் உயிரி ஒரு நத்தைக்குள் நுழைந்தாக வேண்டும். அங்கே அது பல மடங்காகப் பெருகுகிறது. அப்படிப் பெருகும்போது வரும் ‘ரெடியா’ என்ற இளம் பருவத்துக்கு வாய் உண்டு. நத்தையின் திசுவை மட்டுமல்ல, அதே நத்தையில் குடியிருக்கும் வேறு தட்டைப்புழுக்களின் இளம் பருவங்களையும் தின்றுவிடும். அப்புறம் வாலுள்ள குஞ்சுகள் வெளியேறி, இன்னொரு நத்தையிலோ மீனிலோ தலைப்பிரட்டையின் சிறுநீரகத்திலோ கூடு கட்டிக் காத்திருக்கின்றன.

அந்தக் கூடு உள்ள நத்தையையோ மீனையோ பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால்தான் மனிதருக்குத் தொற்று. நன்றாக வேகவைத்தால் கூட்டுக்குள் இருக்கும் புழு செத்துவிடும். தொற்று வந்துவிட்டாலும் பிராசிகுவான்டெல் மாத்திரை இருக்கிறது.

கட்டுரையில் நத்தை என்ற சொல்லே இல்லாதது எனக்குப் பெரிய குறை. திருத்தம் வெளியிட்டால் நல்லது.

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்