போபியை ஆற்றுக்குக் கூட்டிப்போனேன், அக்கா

அன்புள்ள அக்கா,

ஜோகூரிலிருந்து நீ எப்போது போன் போட்டாலும் முதலில் நம் நாய் போபியைத்தான் விசாரிக்கிறாய். "சாப்பிட்டானா? கேட்டைத் தாண்டி விட்டுடாதே" என்கிறாய். அந்த இரண்டாவது பேச்சுக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நம்மைப் போலவே ரப்பர் தோட்டத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புக்கு வந்து, கூட வந்த நாயைக் கேட்டில் கட்டிப் போட்டிருப்பவர்கள் நம் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் எத்தனையோ பேர். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

தோட்டத்தில் அவன் சங்கிலியே பார்த்ததில்லை. அம்மா காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பினால் கூடவே கிளம்பிவிடுவான். பால்வெட்டு முடியும்வரை மரத்தடியில் படுத்திருந்து, ரப்பர் பால் எடுத்து ஸ்டோருக்குப் போகும்வரை பின்னாலேயே நடந்து, அப்புறம்தான் லயத்து வீட்டுக்குத் திரும்புவான். இங்கே வந்து மூன்று வருஷமாகிறது. போன மாதம் குளிப்பாட்டும்போது பார்த்தேன், கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து ஒரு வளையம் விழுந்திருந்தது. தோல் கருத்து, தடித்துப் போயிருந்தது. சோப்பு நுரை பட்டதும் உடம்பைச் சிலிர்த்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை, அக்கா.

அதனால் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். முதலில் லாசா பக்கம், பிளஸ் ஆறு. தித்திவங்சா மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர், காலை வைத்தால் சில்லென்று இருக்கும். போபி கரையில் நின்று வெகுநேரம் மோப்பம் பிடித்தான். ஈர மண், மூங்கில் சருகு, ஏதோ ஒரு பிராணி கடந்துபோன தடம் என்று ஒவ்வொன்றையும் மூக்கால் தொட்டுத் தொட்டு நகர்ந்தான். பத்தடி நடக்கக் கால்மணி நேரம். நான் இழுக்கவில்லை. நாய்க்கு நடை என்பதே மோப்பம்தான், அவசரப்படுத்தினால் வெளியே கூட்டிப்போய் என்ன பயன்?

சற்றுத் தள்ளி ஒரு மலாய்க்காரப் பெரியவர் பேரப்பிள்ளைகளோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, போபி அவர்கள் மேல் படாமல் ஓரமாகப் போனேன். பெரியவர் சிரித்துத் தலையாட்டினார். ஈர நாய் மேலே பட்டால் அவர்களுக்குக் கழுவிச் சுத்தம் செய்யும் கடமை உண்டு, நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். இதைச் சங்கடம் என்று நினைத்து நாயை வீட்டிலேயே பூட்டி வைப்பவர்கள் உண்டு. ஒரு முழம் கயிற்றைச் சுருக்கினால் தீர்கிற விஷயம் அது.

அங்கிருந்து காராய். விக்டோரியா பாலம் ஞாபகம் இருக்கிறதா? பேராக் ஆற்றின் மேல் 1900-இல் திறந்த ரயில் பாலம், செங்கல் தூண்களும் இரும்புச் சட்டங்களுமாக இன்னும் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டதால் ரயில் இதில் ஓடுவதில்லை. ஓரப் பாதையில் நடக்கலாம். நடுவில் வந்ததும் போபி நின்றுவிட்டான். கீழே தண்ணீர் அத்தனை அகலமாகப் போவதை அவன் அதுவரை பார்த்ததில்லை. காது இரண்டும் முன்னால் விறைத்து நின்றன. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன், சுட்டது. நமக்குச் செருப்பு இருக்கிறது, அவனுக்கு வெறும் பாதம்தானே. உடனே நிழலுக்குத் திரும்பி, கொண்டுபோன தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினேன்.

கடைசியாகக் கோலகங்சார். அங்கே வேலி போட்ட ரப்பர் மரம் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே வெகுநாள் ஆசை. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகள் அங்கே முளைத்து, அடுத்த வருஷம் கன்றுகளாக இந்தப் பக்கம் வந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராக்கில் ரெசிடென்ட் எனும் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அதில் மிஞ்சி நிற்பது இந்த ஒன்றுதான். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தது, அம்மா இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போனது, நாம் ரப்பர் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கி ஒருவருக்கொருவர் கையில் வைத்துச் சண்டை போட்டது, எல்லாவற்றுக்கும் மூலம் இந்த மரங்கள்தானே. வேலிக்கு வெளியே நின்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

போபி வேலியோரம் காய்ந்த இலைகளை முன்காலால் கீறினான். மூன்று சுற்றுச் சுற்றினான். பிறகு முன்னங்கால் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டான், அம்மா பால் எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்த அதே படுக்கை. அரைமணி நேரம் அவனை நான் எழுப்பவில்லை.

வீட்டுக்கு வந்து காது மடல், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பார்த்தேன். இரண்டு உண்ணி, ஓர் அட்டை. எடுத்துவிட்டுக் குளிப்பாட்டினேன். அன்றிரவு அவன் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

சங்கிலியைக் கழற்றிவிட்டேன், அக்கா. முன்வாசலுக்கு ஆளுயரக் கம்பி வலை அடித்தாகிவிட்டது, கேட்டும் பூட்டியிருக்கிறது. பயப்படாதே. இனி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆறு. அவனுக்குப் பதினொரு வயது, நாளை நாளை என்று தள்ளிப்போட முடியாது. தீபாவளிக்கு வரும்போது பழைய சிலிப்பர் ஒன்று எடுத்துவா. லாசா கரையில் சேறு அதிகம். கயிற்றை நீதான் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் தம்பி