ஆண்டறிக்கை 2024–25: ஒரு நடைமேம்பாலம், நான்கு எஞ்சின்கள்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். பழைய ஷூட்டர் (சுட்டு விளையாடும்) கணினி விளையாட்டுகளுக்கு மேப், அதாவது ஆடுகளம், கட்டும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன; மே மாதக் கூட்டம் மட்டும் மின்வெட்டால் பாதியில் கலைந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். அப்படிப்பட்ட விளையாட்டுகளில் ஒன்றான டூம் வெளிவந்தது 1993 டிசம்பரில். தாங்கள் பிறப்பதற்கு முன்பே வந்த விளையாட்டுக்கு இவர்கள் ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் சுவர் கட்டுகிறார்கள் என்றால், இனி நம் சங்கத்தைப் பற்றிக் கவலையில்லை.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். ஆளுக்கொரு மேப் கட்டுவதை இந்த ஆண்டு நிறுத்திவிட்டு, எல்லோரும் ஒரே இடத்தைக் கட்டுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். நம் ஊர் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் நடைமேம்பாலம். அதன் மேலேயும் நடக்க வேண்டும், அடியிலும் நடக்க வேண்டும். பழைய எஞ்சின்களுக்கு, அதாவது விளையாட்டை இயக்கும் மென்பொருள்களுக்கு, இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. எஞ்சினுக்கு ஓர் அணியாக அதே நிலையத்தைக் கட்டினோம்.

டூம் மேப் என்பது மேலிருந்து பார்க்கும் வரைபடம்தான். கோடுகளால் அடைத்த ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு தரை உயரம், ஒரு கூரை உயரம். அவ்வளவே. ஒரே இடத்தில் இரண்டு தரை வைக்க வழியில்லை. ஆகவே மூல டூம் (1993இல் வந்தபடியே உள்ள டூம்) அணி பழைய தந்திரத்தைக் கையில் எடுத்தது: படியேறும்போது ஆள் ஒரு கோட்டைத் தாண்டினால் பாலத்தின் தரை மேலே எழும், பிளாட்பாரப் பக்கமாக வந்தால் இன்னொரு கோடு அதைக் கீழே இறக்கிவிடும். பார்க்காத நேரத்தில் நடந்துவிடுவதால் தனியாக விளையாடுகிறவருக்குத் தெரியாது. இருவர் சேர்ந்து விளையாடிய அன்றைக்குக் குட்டு உடைந்தது. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று நிற்கவே முடியவில்லை.

இன்னொரு வேடிக்கை. அந்த எஞ்சினில் அசுரர்களுக்கு உயரம் முடிவே இல்லாதது போலத்தான் கணக்கு. பாலத்தின் விளிம்பிலிருந்து தண்டவாளத்தில் குதிக்கப் போன மாணவர் காற்றில் முட்டிக்கொண்டு நின்றார். நேர் கீழே டீமன் என்ற அசுரன் நின்றிருந்தது! புதியவர்கள் இதைப் பிழை என்று எழுதிக் கொடுத்தார்கள். 1993 முதலே அப்படித்தான்.

டியூக் நுகெம் 3டி அணிக்கு வேலை எளிதாக இருந்தது. அதை இயக்கும், கென் சில்வர்மேன் எழுதிய பில்ட் எஞ்சினில் செக்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று படியலாம்; இரண்டும் ஒரே பார்வையில் விழக்கூடாது என்பதுதான் நிபந்தனை. 1996இல் வந்த அந்த விளையாட்டிலேயே லூனாடிக் ஃபிரிஞ்ச் என்ற ரகசிய மேப்பில் இரண்டு முழுச் சுற்று சுற்றினால்தான் புறப்பட்ட இடத்துக்கு வர முடியும். ஆனால் நம் பாலத்தில் மேலும் கீழும் சேர்ந்தே கண்ணில் படும். அதனால் தரையோடு படுக்கவைத்த ஸ்பிரைட்டுகளை (தட்டைப் படங்களை) வரிசையாக அடுக்கிப் பாலம் போட்டார்கள். பக்கவாட்டில் பார்த்தால் தடிமனே இல்லை. நடக்க மட்டும் உறுதியாக இருந்தது.

டூம் எஞ்சினை விரிவாக்கிய பிற்கால வடிவமான ஜிஇசட்டூமில் முப்பரிமாணத் தளம், அதாவது தரைக்கு மேல் இன்னொரு தளம், நேராகவே உண்டு. மேப்புக்கு வெளியே ஒரு சின்ன செக்டரை வரைந்து, அதன் கோடு ஒன்றுக்கு 160ஆம் எண் செயலைக் கொடுத்து, பாலம் வரவேண்டிய செக்டரின் டேகை (அடையாள எண்ணை) காட்டினால் போதும். தலைகீழாக இருப்பது உயரக் கணக்குதான். வெளியே வரைந்த செக்டரின் கூரை பாலத்தின் மேல்தளமாகும். அதன் தரை பாலத்தின் அடிப்பகுதியாகும். "அண்ணா, நான் பூசின சிமெண்ட் தரை பாலத்துக்கு அடியில தொங்குது" என்று ஒரு தம்பி கூப்பிட்டபோது கூடமே சிரித்தது.

குவேக் என்ற விளையாட்டை எடுத்துக்கொண்ட அணி உண்மையான முப்பரிமாணத்தில் கட்டியது. பாலம் கால் மணி நேரத்தில் முடிந்தது, படிதான் முடியவில்லை. பாலத்தளத்தின் உயரம் 144 அலகு. டூமில் 24 அலகு வரை கால் தானாக ஏறிவிடும் என்பதால் ஆறு படி போதும். குவேக்கில் வரம்பு 18. ஆறு படியை அப்படியே கொண்டுபோனதால் ஒவ்வொன்றிலும் குதித்துக் குதித்து ஏற வேண்டியதாயிற்று. எட்டுப் படியாக மாற்றினார்கள். அப்புறம் லீக், அதாவது மேப்பின் அடைப்பில் ஓட்டை. திறந்தவெளி நிலையம் என்றாலும் வானத்தையும் சுவர் போலச் சுற்றி அடைக்க வேண்டும். பிளாட்பாரக் கூரைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கீற்று இடைவெளி இருந்திருக்கிறது. அதைத் தேடுவதிலேயே ஒரு கூட்டம் போயிற்று.

இத்தனையும் பார்த்த பிறகு செயலாளர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விளையாடிப் பார்த்ததில் அதிகம் ரசிக்க முடிந்தது மூல டூம் நிலையத்தைத்தான். மாடிமேல் மாடி கிடையாது என்று தெரிந்ததால் அந்த அணி தண்டவாளத்தைப் பள்ளமாக இறக்கியது, டிக்கெட் கவுண்டரை மேட்டில் வைத்தது, நடுவே ஜன்னல் வெட்டியது. போக வேண்டிய இடம் எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. டூமின் முதல் மேப்பில் ஜன்னலுக்கு வெளியே நீலக் கவசம் தெரியும், வழி மட்டும் தெரியாது, அதே உத்திதான். ஜிஇசட்டூம் நிலையமோ டிபன் கேரியர் மாதிரி மூன்று அடுக்கு. எந்த அடுக்கிலிருந்து பார்த்தாலும் மற்ற இரண்டும் தெரியாது. வசதி கூடியதும் தளம் கூடியது, பார்வை கூடவில்லை. துணைத்தலைவருக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. எஞ்சின்மேல் குற்றமில்லை, கட்டியவர் கைதான் காரணம் என்கிறார். அதுவும் சரிதான், ஆனால் அந்தக் கை பழகுவது எங்கே என்பதுதான் என் கேள்வி.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூடத்தின் வாடகை மீண்டும் ஏறியிருக்கிறது. பாதிப் பேர் சந்தா பாக்கி. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது. நிலையத்தை மீண்டும் கட்ட வேண்டும். ஆட்டம் தொடங்கும் இடத்தில் நின்றே பாலம் தெரிய வேண்டும். பாலத்தில் நின்றால் தொடங்கிய இடம் தெரிய வேண்டும். எந்த எஞ்சின் என்பது அவரவர் விருப்பம். புதியவர்கள் மட்டும் முதல் மூன்று மாதம் முப்பரிமாணத் தளத்தைத் தொடாமல் மூல டூம் வரம்புக்குள் கட்ட வேண்டும். இந்தக் கடைசி வரிக்குத் துணைத்தலைவர் திருத்தம் கொடுத்திருக்கிறார். தேநீருக்குப் பிறகு திருத்தம் முதலிலும் தீர்மானம் அடுத்தும் வாக்கெடுப்புக்கு வரும். அதற்குள் நான்கு மேப்களையும் பின் மேசைக் கணினியில் ஒருமுறை ஆடிப் பார்த்துவிடுங்கள்.

அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்