ஸ்டாம்ப் இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள்: போர்க்கைதிகளின் கடிதங்கள் பற்றி ஒரு திறந்த மடல்

பழைய ஸ்டாம்ப் விற்கும் கடைக்காரர்களுக்கும், எடைக்கு எடுத்த காகிதக் கட்டைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கும், பட்டாளத்துத் தாத்தாவின் தகரப் பெட்டியை இப்போதுதான் திறந்திருக்கும் பேரன் பேத்திகளுக்கும் வணக்கம்.

ஒரு கவர் கைக்கு வந்ததும் கண் தானாக மேல் வலது மூலைக்குப் போகிறது. ஸ்டாம்ப் இருந்தால் ஆல்பத்துக்கு, இல்லாவிட்டால் கழிவுக்கு. இந்தக் கணக்கில் மோசமாக அடிபடுபவை போர்க்கைதிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். அவற்றில் பெரும்பாலும் ஸ்டாம்ப் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து ஒரு கதை உலவுகிறது. முகாமிலிருந்து மகன் எழுதுகிறான்: இங்கே ராஜ உபசாரம், கவரில் உள்ள ஸ்டாம்பைத் தம்பியின் ஆல்பத்துக்கு எடுத்துக் கொடுங்கள். ஆல்பம் வைத்திருக்கும் தம்பி அந்த வீட்டில் யாருமில்லை. சந்தேகப்பட்டு நீராவியில் காட்டி ஸ்டாம்பை உரித்தால், அடியில் ‘என் நாக்கை அறுத்துவிட்டார்கள்’ என்று இருக்கிறதாம். இரண்டாம் உலகப்போரில் ஊர் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இதே கதை மறுபடி வந்தது. கதை விழுந்துபோகும் இடம் ஒன்றுதான்: கைதியின் கடிதத்துக்குத் தபால் கட்டணம் கிடையாது. 1907 ஹேக் உடன்படிக்கையின் 16ஆம் விதி அனுப்பும் நாடு, சேரும் நாடு, வழியில் உள்ள நாடு மூன்றிலும் கட்டணத்தை நீக்கியது. 1929, 1949 ஜெனீவா உடன்படிக்கைகளும் அதையே சொல்கின்றன. ஜெர்மன் முகாம் அட்டைகளில் ‘கெபூரென்ஃப்ரை’, அதாவது கட்டணமில்லை என்று அச்சிட்டே வரும். விமானத்தில் போக வேண்டுமென்றால் மட்டும் தனிக் கட்டணம் கேட்டார்கள். ஸ்டாம்ப் ஒட்டிய சில உறைகள் கிடைப்பதற்கு அது ஒரு காரணம்.

நம் பக்கத்தில் இன்னொரு விதிவிலக்கும் உண்டு. 1900 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் பிடிபட்ட போயர்களை, அதாவது அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரை, பிரிட்டிஷார் கப்பலேற்றி இலங்கையின் தியத்தலாவைக்குக் கொண்டுவந்தார்கள். ராகமையிலும் அம்பாந்தோட்டையிலும்கூட முகாம் இருந்தது. இந்தியாவில் அகமத்நகர், பெல்லாரி என்று பல இடங்கள். திருச்சியும் நீலகிரியின் கேத்தியும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தப் போயர் உறைகளில் ஸ்டாம்ப் ஒட்டியவை கிடைக்கும். ஆபத்தும் அங்கேதான். விக்டோரியா ராணியின் தலை போட்ட ஸ்டாம்புக்காக மூலையைக் கத்தரித்தால், முகாமின் தபால் முத்திரை பாதியோடு போகும், பக்கத்தில் விழுந்த தணிக்கை முத்திரையும் வெட்டுப்படும். அந்த ஸ்டாம்ப் வேறு எங்கும் கிடைக்கும், முத்திரை அப்படிக் கிடைக்காது.

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் முகாம் கடிதத்தைத் தொட்டால் எழுதிய பக்கம் ஆர்ட் பேப்பர் போல வழுவழுவென்றிருக்கும். கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதினால் காட்டிக்கொடுக்கட்டும் என்று பூசிய பூச்சு அது. மாதத்துக்குச் சிப்பாய்க்கு இரண்டு கடிதம், நான்கு அட்டை. அதிகாரிக்கு ஒரு கடிதம் கூடுதல். வரியின் மேல்தான் எழுத வேண்டும், ஓரத்தில் எழுதக் கூடாது. ‘கெப்ரூஃப்ட்’ என்று ஒரு முத்திரையும் அதில் ஓர் எண்ணும் இருக்கும்: பார்த்தாயிற்று என்று பொருள், எண் பார்த்தவருடையது. சில கடிதங்களில் குறுக்கே நீலமாகவோ பழுப்பாகவோ தூரிகையால் இழுத்த பட்டைகள் தெரியும். இதை அழுக்கு என்று நினைத்து ப்ளீச் செய்து ‘சுத்தமாக’ விற்கிறார்கள். தணிக்கை மேசையில் ரகசிய மை இருக்கிறதா என்று ரசாயனம் தடவிப் பார்த்த தடம் அது. ப்ளீச் போட்டால் கடிதத்தை யாரோ சந்தேகித்தார் என்ற சாட்சியே போய்விடுகிறது.

இந்தக் காகிதத்துக்குத் தண்ணீர் எமன். ஸ்டாம்ப் ஊறவைக்கும் தட்டில் போட்டால் பூச்சு கரைந்து எழுத்தோடு வழிந்துவிடும். ஈரத்தோடு அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது உரியும். பல கைதிகள் எழுதியது சாதாரணப் பென்சிலிலும் இல்லை, நனைந்தால் ஊதா நிறமாகும் சாயப் பென்சிலில். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாகத் தெரியும். விரல் ஈரம் பட்டால் போதும், ஊதாவாகப் படர்ந்துவிடும். அடையாளம் தெரிய நாக்கால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஜப்பானியர் பிடியில் இருந்தவர்களின் அட்டை வேறு ரகம். 1929 உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டதே தவிர உறுதிசெய்யவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அங்கே சாங்கி முகாமில் அந்த ஜூனில் எழுதிய முதல் அட்டைகள் பல 1943இல்தான் வீடு சேர்ந்தன. பின்னால் வந்த அட்டைகளில் வாக்கியங்களே அச்சிட்டு வந்தன. இந்த இடத்தில் அடைபட்டிருக்கிறேன், உடல்நலம் மிக நன்று, மருத்துவமனையில் இருக்கிறேன், கூலிக்கு வேலை செய்கிறேன், இன்னாரைக் கவனித்துக்கொள்ளுங்கள், என் அன்பு. பொருந்தாததை அடிக்க வேண்டும், கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும், கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான்.

‘உடல்நலம் மிக நன்று’ என்பதை வைத்து ஆள் நன்றாக இருந்தார் என்று விற்பனைக் குறிப்பில் எழுதாதீர்கள். அந்த வரியை அடித்தால் அட்டை போகுமா என்ற பயம் ஒருபக்கம், வீட்டில் கலங்குவார்களே என்ற எண்ணம் இன்னொரு பக்கம். பார்க்க வேண்டியது கையெழுத்தை. போருக்கு முந்தைய கையெழுத்து வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் ‘இன்னாரை’ என்ற கோடிட்ட இடம். முழு அட்டையிலும் அவர் தானாகச் சொல்ல வாய்த்த ஒரே சொல் அது. வீட்டுக்கு மட்டும் புரியும் பெயரை வைக்கவும் அதில் வழி இருந்தது.

எதிர்த் திசையிலும் இறுக்கம்தான். வீட்டிலிருந்து போகும் கடிதம் 25 சொற்களுக்கு மேல் கூடாது, தட்டச்சிலோ பெரிய அச்சு எழுத்திலோ இருக்க வேண்டும் என்று பின்னர் வந்தது. மொழி தெரிந்த தணிக்கையாளர் போதாமல் மூட்டை மூட்டையாகத் தேங்கி, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகே கைக்குக் கிடைத்த கடிதங்கள் ஏராளம். ஆகவே 25 சொல் தாளைப் பார்த்து ‘பாசமில்லாத வீடு’ என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

சிங்கப்பூர், மலாயா பக்கம் வந்துவிட்டு ஒன்று சொல்லாமல் தாண்ட முடியாது. ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட தாய்லாந்து–பர்மா ரயில்பாதையின் 415 கிலோமீட்டரில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் அதே பாதையில் பெருந்தொகையாக இறந்தார்கள். அவர்கள் படைவீரர்கள் இல்லை என்பதால் கைதி எண் இல்லை, அட்டையும் இல்லை. அந்தக் குடும்பங்களின் பெட்டியில் ஒன்றும் இல்லையே என்று வியக்க வேண்டாம். அங்கிருந்து எழுதியதாக ‘தமிழ் முகாம் அட்டை’ ஒன்றை யாராவது விலைக்குக் காட்டினால் மட்டும் இரண்டு தடவை யோசியுங்கள்.

1949க்குப் பிந்தைய தாள்களுக்கு அளவே அடையாளம். பிடிபட்ட செய்தி சொல்லும் அட்டை 15 × 10.5 செ.மீ. முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் எழுத விட வேண்டும் என்கிறது 1949 ஜெனீவா உடன்படிக்கையின் 70ஆம் விதி. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, படை எண்; பிறகு ‘நலம்’ தொடங்கிப் ‘பலத்த காயம்’ வரை ஏழு நிலைகள், பொருந்தாததை அடிக்க வேண்டும், சொந்தமாக எதுவும் சேர்க்கக் கூடாது. மருத்துவமனைக்கோ வேறு முகாமுக்கோ மாற்றினால் மறுபடி ஓர் அட்டை. ஆகவே ஒரே ஆளின் பெயரில் மூன்று அட்டை இருந்தால் டூப்ளிகேட் என்று இரண்டைக் கழிக்காதீர்கள். மூன்றையும் தேதிப்படி வைத்தால் அவர் எங்கிருந்து எங்கே போனார், காயம் ஆறியதா என்பது தெரியும். மாதாந்தரக் கடிதத் தாள் விரித்தால் 29 × 15 செ.மீ., மூன்றாக மடித்துச் செருகினால் அதுவே உறை, சுமார் 250 சொல் பிடிக்கும். இதன் மடிப்பில் கத்தி வைத்து ‘கவர் தனி, கடிதம் தனி’ ஆக்கியவர்களை என்னவென்று சொல்வது!

போலிகளும் உண்டு. சாதாரணப் பழைய அஞ்சலட்டையில் முகாம் முத்திரை ஒன்றைக் குத்திவிட்டால் விலை பல மடங்கு ஏறுகிறதல்லவா? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். நுண்ணிய வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இன்றைய பிரின்டர் வேலை. முகாமின் பெயரும் கடிதத் தேதியும் ஒத்துப்போகின்றனவா, அந்த முகாமில் இந்தியர்கள் இருந்தார்களா என்றும் பாருங்கள். ஜெர்மனியில் அன்னபுர்க் அப்படிப்பட்ட இடம். ‘உள்ளே ரகசியச் சங்கேதம் இருக்கிறது’ என்று விலை சொன்னால் சிரித்துக்கொண்டே நகரலாம். பிரிட்டிஷ் உளவுப் பிரிவு சிலருக்குச் சங்கேத எழுத்து கற்றுக்கொடுத்தது உண்மைதான், ஆனால் அதைப் பிரித்துக் காட்டாமல் காசு கேட்பது சரியில்லை.

வைத்துக்கொள்ளும் முறை சுலபம். லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டாம், மடிப்பு நீங்க இஸ்திரி வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்கும் பின்னை மட்டும் எடுங்கள். பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து எழுத்தை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். இரண்டு பக்கமும், வெறும் பக்கமானாலும், 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். எழுதிய நாள், தணிக்கை நாள், வந்து சேர்ந்த நாள் மூன்றையும் தனித் துண்டுச் சீட்டில் பென்சிலால் குறியுங்கள், கடிதத்தின் மேல் கூடாது. மூலையில் அம்மாவோ மனைவியோ கிறுக்கிய ‘வந்தது’ தேதியை அழுக்கென்று அழித்துவிடாதீர்கள். பல நேரம் மூன்றாவது தேதிக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

கடைக்காரர்களிடம் கடைசியாக ஒன்று. ஒரே குடும்பத்தின் கட்டு வந்தால் பிரித்து விற்காதீர்கள். விற்றே ஆக வேண்டுமென்றால், முதலில் கட்டு முழுவதையும் தேதி வரிசையில் பரப்பிப் படமெடுத்து, ஒவ்வொரு கடிதத்தோடும் அந்தப் படத்தின் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். பிரதிக்கு ஆகும் செலவை நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
கவரின் பின்பக்கத்தை முதலில் பார்க்கும் சிலர்